ஊட்டியில் வாங்கிய எச்செவேரியா, சென்னை ஜன்னலில் நெட்டையாகிப் போகிறது. காப்பாற்ற வழி உண்டா?

வேளச்சேரி_மூணாம்மாடி | ஜூலை 9, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி போனபோது ரோட்டோர நர்சரி ஒன்றில் நான்கு சக்குலன்ட் (இலையில் தண்ணீர் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடி) வாங்கினேன். மூன்று எச்செவேரியா: ஒன்று வெள்ளி பூசிய நீலம், ஒன்று ரோஸ் கலந்த சாம்பல், ஒன்று ஓரம் சிவந்த பச்சை. நான்காவது, வெள்ளைக் கோடு போட்ட ஹாவர்தியா. வாங்கும்போது மூன்று எச்செவேரியாவும் உள்ளங்கையில் அடங்கும் தாமரை மாதிரி இதழ் இதழாகத் தட்டையாக இருந்தன.

இரண்டே மாதத்தில் ரோஸ் செடி நாலு விரல் உயரம் கிளம்பிவிட்டது. இலைக்கும் இலைக்கும் நடுவே தண்டு தெரிகிறது, கீழ் இலைகள் மடங்கித் தொங்குகின்றன. வெள்ளி நீலச் செடியில் அடி இலை இரண்டு மஞ்சளாகி, உள்ளே தண்ணீர் நிற்பது போலக் கண்ணாடியாகத் தெரிகிறது. தொட்டால் கழன்று வருகிறது. ஹாவர்தியா மட்டும் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கிறது.

பார்த்த வீடியோக்களில் எல்லாம் தெற்குப் பார்த்த ஜன்னல்தான் சிறந்தது என்றார்கள். அதனால் ஹாலில் தெற்கு ஜன்னல் திண்டில் வைத்தேன். வாரம் ஒரு முறை தண்ணீர். தினமும் காலையில் ஸ்பிரே. மண்ணை மாற்றவில்லை, நர்சரியில் கொடுத்த அதே பிளாஸ்டிக் கப்.

ரோஸ் செடி என் மகளுடையது. வயது 6. ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறாள். எப்படியாவது பிழைக்க வைக்க வேண்டும்.

---

கற்றாழைக்காரி | ஜூலை 9, இரவு 10:25

தம்பி, அந்த வெள்ளி நீலச் செடியை இன்று ராத்திரியே கப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். கண்ணாடி மாதிரி இலை என்றால் அடித்தண்டு அழுக ஆரம்பித்திருக்கலாம். மண்ணை முழுவதும் உதறி, வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ உறுதியாக இருந்தால் நல்ல வேர். கறுத்து, இழுத்தால் தோல் கழன்று நூல் மட்டும் கையில் வந்தால் அது போய்விட்ட வேர். தண்டின் அடியைக் கத்தியால் மெல்லிசாகச் சீவிப் பாருங்கள். நடுவில் பழுப்பு வளையம் தெரிந்தால், சுத்தமான பச்சை வரும்வரை சீவிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும்.

ஸ்பிரேயை இன்றோடு நிறுத்துங்கள். எச்செவேரியா இலை வழியாகத் தண்ணீர் குடிக்கிற செடி இல்லை. அடுக்கின் நடுவே தேங்கும் சொட்டு, காற்றில்லாத ஹாலில் நாள் முழுக்கக் காயாமல் நிற்கும்.

இனி ஜன்னல். நீங்கள் பார்த்த வீடியோ எந்த ஊரில் எடுத்தது என்று தெரியாது, ஆனால் அது சென்னைக்கான பேச்சு இல்லை. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. அதன் பிறகு சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். ஆகஸ்ட் 18 வாக்கில்தான் உச்சியைக் கடந்து தெற்கே திரும்பும். இடைப்பட்ட அந்த நாலு மாதமும் காலையில் வடகிழக்கில் உதித்து, வடக்கு ஓரமாகவே நடந்து, வடமேற்கில் மறைகிறது. அதாவது நீங்கள் மே மாதம் செடியைக் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து இன்று வரை உங்கள் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் ஒரு நிமிஷம்கூட விழுந்திருக்காது. போதாததற்கு மேலே சன்ஷேடு வேறு இருக்கும். நம் கண்ணுக்கு ஹால் பளிச்சென்று தெரியும், செடிக்கு அது இருட்டு. வெளிச்சத்தைத் தேடித்தான் கழுத்தை நீட்டுகிறது.

---

ஸ்கார்பரோ_பால்கனி | ஜூலை 10, காலை 6:12

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் டொரன்டோவில் இருக்கிறேன். இங்கே டிசம்பரில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 23 பாகை உயரம்தான் ஏறும். அந்தச் சாய்ந்த வெயில் தெற்கு ஜன்னல் வழியாக நேராக ஹால் நடுவரை வரும். அதனால்தான் இங்கே எல்லோரும் தெற்கு ஜன்னலைச் சொல்வது. அதே யோசனையை அங்கே மே மாதத்தில் அப்படியே செய்தால் செடிக்கு ஒன்றும் கிடைக்காது.

ஒரு சின்னச் சோதனை. செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து, ஓர் அடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரல் ஐந்தும் தனித்தனியாக, ஓரம் கூர்மையாக நிழல் விழுந்தால் எச்செவேரியாவுக்கு ஆகும். நிழல் மங்கலான உருவமாக விழுந்தால் ஹாவர்தியாவுக்குப் போதும். நிழலே சரியாகத் தெரியவில்லையென்றால் எந்தச் சக்குலன்டும் அங்கே வேண்டாம்.

---

வேளச்சேரி_மூணாம்மாடி | ஜூலை 10, காலை 7:50

ராத்திரியே எடுத்தேன் அக்கா. மேல் மண் காய்ந்து தூளாக இருந்தது. ஆனால் வேருக்கு நடுவே எலுமிச்சம்பழ அளவில் கறுப்பாக ஒரு உருண்டை. அதைச் சுற்றித் துணி போல மெல்லிய வலை. கத்தரிக்கோலால் வலையை வெட்டியதும் உள்ளே இருந்த நார்மண் சொதசொதவென்று இருந்தது, பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. தேங்கிய சாக்கடை வாடை. வேரில் பாதி கறுப்பு. தண்டை மூன்று முறை சீவிய பிறகுதான் பச்சை வந்தது. இப்போது தலை மட்டும் கையில் இருக்கிறது. கையாண்டதில் இலைமேல் இருந்த வெள்ளைப் பொடி அங்கங்கே அழிந்து கைரேகை விழுந்துவிட்டது. திரும்ப வருமா?

கையோடு தாள் வைத்தும் பார்த்தேன். தெற்கு ஜன்னலில் நிழல் விழவே இல்லை. சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் சின்ன பால்கனி கிழக்குப் பார்த்தது. அங்கே காலை 6:30 முதல் 9:30 வரை வெயில் இருக்கிறது.

---

கற்றாழைக்காரி | ஜூலை 10, காலை 11:05

அந்தக் கிழக்கு பால்கனிதான் உங்கள் செடிகளின் வீடு. ஆனால் உடனே நேர் வெயிலில் வைத்துவிடாதீர்கள். இரண்டு மாதம் இருட்டில் இருந்த இலை வெந்து, பழுப்புத் தழும்பு விழும். முதல் மூன்று நாள் ஒரு மணி நேரம், பிறகு ஒன்றரை, இரண்டு என்று இரண்டு வாரத்தில் கூட்டுங்கள்.

வெள்ளைப் பொடி செடி தானே சுரக்கும் மெழுகு. வெயிலையும் நீரையும் தடுக்க அது பூசிக்கொள்ளும் போர்வை. அழிந்த இடத்தில் அந்த இலையில் இனி வராது. நடுவிலிருந்து வரும் புது இலைகள் முழுப் போர்வையோடு வரும். இனிமேல் தண்டையோ வேரையோ பிடித்துத் தூக்குங்கள்.

நார் உருண்டை வெளியூரிலிருந்து வரும் பெரும்பாலான செடிகளில் உண்டு. நாற்று நடும்போது வைப்பது. மலைமேல் இருக்கும்வரை அது தொல்லை தராது, கீழே கொண்டுவந்தால் நடுவில் ஈரப் பஞ்சாக நின்று வேரைத் தின்றுவிடும். மேல் மண் காய்ந்திருக்கிறதே என்று நாமும் மறுபடி ஊற்றுவோம். மற்ற இரண்டையும், ஹாவர்தியாவையும்கூட இன்றே பிரித்துப் பாருங்கள்.

என் மண் கலவை: பத்துக் கிண்ணத்தில் ஏழு கிண்ணம் கல், மூன்று கிண்ணம் மண். கல் என்றால் பொட்டுக்கடலை அளவுக்கு உடைத்துச் சலித்த செங்கல், கொஞ்சம் பெர்லைட் (பொரி மாதிரி எடையில்லாத வெள்ளைக் கல்), கொஞ்சம் அடுப்புக்கரி. மண் என்றால் செம்மண்ணும் மண்புழு உரமும் பாதிப் பாதி. எம்சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) போடுவதாக இருந்தால் நாலு தண்ணீர் அலசி, மாவுத்தூள் முழுவதும் போன பிறகு போடுங்கள். அலசாமல் போட்டால் சிமென்ட் தரை மாதிரி இறுகும். தொட்டி மண்தொட்டி, செடியைவிட இரண்டு விரல் மட்டும் அகலம் கூட.

---

கோவை_மண்வாசம் | ஜூலை 10, மாலை 5:30

கற்றாழைக்காரி அம்மா சொன்னதோட ஒண்ணு சேர்த்துச் சொல்றேனுங்க. வெளிச்சம், மண் ரெண்டையும் சரி பண்ணினாலும் மூணாவதா ஒண்ணு இருக்கு: ராத்திரிச் சூடு.

நம்ம பக்கம் வேலியோரம் ரணகள்ளி இருக்குமே, இலையைப் பிச்சு நூலில் கட்டித் தொங்கவிட்டாக் குட்டி போடுமே, அதுவும் எச்செவேரியாவும் ஒரே குடும்பம். மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்தவர் பெஞ்சமின் ஹெய்ன். அவர் ரணகள்ளி இலையைக் கடிச்சுப் பார்த்து, விடியற்காலையில் நல்ல புளிப்பு, மத்தியானம் ருசியே இல்லை என்று எழுதினார். 1815-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது அச்சாச்சு. இந்தச் செடிகள் பகல்ல இலைத்துளையை மூடிக்கும், ஈரம் வெளியே போகாம இருக்க. ராத்திரி திறந்து கரியமிலவாயுவை இழுத்து, மாலிக் அமிலமா இலைக்குள்ள சேமிக்கும். அதுதான் விடியற்காலைப் புளிப்பு. பகல்ல வெயில் வந்ததும் அந்த அமிலத்தை எடுத்துச் சர்க்கரை ஆக்கும். புளிப்பு போயிடும்.

ராத்திரி குளிர்ந்தா இந்த வேலை ஒழுங்கா நடக்கும். எச்செவேரியாவில் பெரும்பாலானவை மெக்சிகோ மலைப்பகுதியில பிறந்தவை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மே மாசமே ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே போகும். சென்னையில மே, ஜூன்ல 26, 27-க்குக் கீழே இறங்கறதே அபூர்வம். சூடான ராத்திரியில் துளை சரியாத் திறக்காது, சேர்த்து வச்ச சக்தியும் மூச்சு விடறதிலேயே செலவாகும். செடி பாதி தூக்கத்துக்குப் போயிடும். அந்த நேரத்தில் வேர் தண்ணி குடிக்காது. குடிக்காத வேருக்கு ஊத்தினா அழுகத்தான் செய்யும்.

அதனால வெளிநாட்டுக்காரங்க குளிர்காலத்தில் தண்ணியைக் குறைன்னு சொல்றதை, நாம கோடைக்கும் மழைக்கும் மாத்திக்கணும். நம்ம எச்செவேரியா நல்லா வளர்றது மார்கழி, தை, மாசி.

உங்க ஹாவர்தியா ஏன் அசையலைன்னா, அது தென்னாப்பிரிக்காவில புதர் நிழல்ல, பாறை இடுக்குல வாழற செடி. சோற்றுக்கற்றாழைக்குச் சொந்தம். வீட்டுக்குள்ள வைக்கணும்னா முதல்ல அதைத்தான் வாங்கணுமுங்க.

---

வேளச்சேரி_மூணாம்மாடி | ஜூலை 11, காலை 8:15

ஐயா, இந்த விளக்கத்துக்கு மிக்க நன்றி. ராத்திரியில் ஆக்சிஜன் தரும், படுக்கையறையில் வையுங்கள் என்று நர்சரியில் சொன்னார்கள். அதுவும் இதனால்தானா?

---

கோவை_மண்வாசம் | ஜூலை 11, காலை 10:00

ராத்திரி கரியமிலவாயுவை எடுக்கறது உண்மைங்க. ஆக்சிஜன் உண்டாகறது வெளிச்சத்தில்தான். கைக்குள்ள அடங்கற செடியை நம்பி அறைக்காத்து மாறாது. படுக்கையறையில் வெளிச்சம் இல்லைன்னா அங்க வைக்காதீங்க.

---

சுன்னாகம்_முற்றம் | ஜூலை 11, மாலை 7:20

வணக்கம். யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். தண்ணியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அதுதான் வந்தனான். எங்கட ஊர் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணத்துத் தண்ணி கடினத் தண்ணி. என்ர சாடிகளில மேல்மண்ணும் சாடி விளிம்பும் வெள்ளைப் படையாப் போச்சுது. இலையில விழுந்த துளி காய்ஞ்சா வெள்ளைப் பொட்டு. நான் முதல்ல பூஞ்சணம் எண்டு நினைச்சு மருந்தும் அடிச்சனான். பிறகுதான் விளங்கிச்சுது, அது உப்பு.

இப்ப மாரிமழைத் தண்ணியை மூடின பீப்பாயில பிடிச்சு வைச்சு அதையே ஊத்திறன். மழைத்தண்ணி முடிஞ்சால் கிணத்துத் தண்ணிதான், ஆனா ஊத்தேக்க சாடியின்ர அடியால வடிவா வழிஞ்சு ஓடுமட்டும் ஊத்துவன். கரண்டியால கொஞ்சம் கொஞ்சமா விட்டால் உப்பு உள்ளயே நிண்டிடும். வேளச்சேரித் தம்பி, உங்கட தண்ணி போர் தண்ணியோ? அப்பிடியெண்டால் கவனியுங்கோ.

---

வேளச்சேரி_மூணாம்மாடி | ஜூலை 11, இரவு 8:45

போர் தண்ணீர்தான். குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறது. ஏசி தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமா?

---

கற்றாழைக்காரி | ஜூலை 11, இரவு 9:30

சுன்னாகத்துச் சகோதரி சொன்ன முறைதான் நானும் செய்வது. ஏசி தண்ணீரில் போர் தண்ணீரில் இருப்பது போன்ற வெள்ளையாகப் படியும் உப்பு இருக்காது. வாளி சுத்தமாக இருந்தால் ஊற்றலாம், நான் ஊற்றுகிறேன்.

எப்போது ஊற்றுவது என்பதற்குக் கிழமைக் கணக்கு வைக்காதீர்கள். கீழ் வரிசை இலை ஒன்றை இரு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் வேண்டாம். சற்றே குழைந்து, மேல்தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தால் முழுவதுமாக ஊற்றி, முழுவதும் வடிய விடுங்கள். ஊற்றியதும் தொட்டியைக் கையில் தூக்கிக் கனத்தைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் கையே சொல்லிவிடும். எனக்கு மாசியில் பத்து நாளுக்கு ஒரு தடவை வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலு வாரம் ஊற்றாமல் விட்டதும் உண்டு.

இனி மகளின் ரோஸ் செடி. நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது. தலையை வெட்டித்தான் ஆக வேண்டும். பயப்பட வேண்டாம், ஒரு செடி பலவாகும் சந்தர்ப்பம் இது. தலைப்பக்கம் இலைகள் நெருக்கமாக இருப்பதால் கத்தி நுழையாது. தூண்டில் நரம்பை ஒரு முழம் எடுத்து, தலைக்குக் கீழே இரண்டு இலைக்கு நடுவில் தண்டைச் சுற்றி ஒரு சுருக்குப் போட்டு, இரு முனையையும் எதிர்ப்பக்கமாக இழுங்கள். சக்கென்று அறுந்துவிடும். தலைக்கடியில் அரை அங்குலம் தண்டு இருக்கட்டும். அதை வெறும் காலி டம்ளரின் வாயில் உட்கார வைத்து, நிழலில் ஐந்து நாள். வெட்டு வாய் காய்ந்து தக்கை மாதிரி ஆகும். பிறகு காய்ந்த கலவையின் மேல் வைத்துவிடுங்கள். வேர் வந்த பிறகுதான் தண்ணீர். வெள்ளி நீலத் தலைக்கும் இதேதான்.

அடிக்கட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் ஒன்றிரண்டு இலை விட்டு, பால்கனியில் வையுங்கள். தொங்கும் இலைகளைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி, அடிப்பகுதி முழுதாக வரும்படி எடுத்துத் தட்டில் பரப்புங்கள். அடி கிழிந்த இலை முளைக்காது.

---

மாடிப்பூனை | ஜூலை 12, மதியம் 1:10

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டுப் பூனை எல்லாச் செடியையும் கடிக்கும். சக்குலன்ட் ஆபத்தா?

---

ஸ்கார்பரோ_பால்கனி | ஜூலை 12, மாலை 6:40

எச்செவேரியா, ஹாவர்தியா இரண்டும் பூனைக்கு நஞ்சில்லை. கலஞ்சோ வகைகளை மட்டும் வைக்காதீர்கள். ரணகள்ளியும் அந்த வகைதான், இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு அதில் இருக்கிறது. சோற்றுக்கற்றாழையும் பூனை எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

---

வேளச்சேரி_மூணாம்மாடி | ஆகஸ்ட் 6, இரவு 9:00

நல்ல செய்தி. ரோஸ் தலைக்கு வேர் வந்துவிட்டது. மெல்லத் தூக்கிப் பார்த்தேன், இளஞ்சிவப்பு நூல் மாதிரி ஏழெட்டு. தட்டில் வைத்த பதினொரு இலையில் ஆறு இலைகளின் அடிப்பகுதியில் அதே வேர், அதில் இரண்டுக்கு வேரோடு சேர்ந்து கடுகளவில் குட்டி அடுக்கு. அதற்குள்ளேயே இலை இலையாக எண்ண முடிகிறது. மகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நாலு இலை என்றாள். வெள்ளி நீலம் பிழைக்கவில்லை. ஒரு வாரத்தில் மறுபடி அடி கறுத்து, சீவச் சீவத் தண்டே தீர்ந்துவிட்டது.

---

கற்றாழைக்காரி | ஆகஸ்ட் 6, இரவு 9:50

வருத்தப்படாதீர்கள் தம்பி. அழுகல் தண்டு நாளத்தில் ஏறிவிட்டால் எனக்கும் போய்விடும். அந்த வெள்ளி நீல வகைகள் சமவெளிக்குக் கடினமானவை. அந்த இடத்துக்குக் கிராப்டோபெட்டலம் ஒன்று வாங்குங்கள். அதே போல அடுக்கு, அதே வெள்ளிச் சாம்பல் நிறம், நம் சூட்டைப் பொறுக்கும்.

குட்டி வந்த இலைகளுக்கு வேரின் மேல் மட்டும் கொஞ்சம் கலவை தூவி, இரண்டு நாளுக்கு ஒரு முறை மண் நனையும் அளவு தண்ணீர். தாய் இலை தானே வற்றிச் சருகாகும்வரை பிரிக்காதீர்கள், அதுதான் பால்.

---

வேளச்சேரி_மூணாம்மாடி | செப்டம்பர் 21, காலை 7:30

புதிய பிரச்சினை. ஓரம் சிவந்த பச்சைச் செடியின் நடுவில், இலை இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளை. எறும்பும் ஏறுகிறது. வேப்பெண்ணெய் அடிக்கட்டுமா?

---

கோவை_மண்வாசம் | செப்டம்பர் 21, காலை 9:15

மாவுப்பூச்சிங்க. எறும்பு அதோட இனிப்புக் கழிவுக்காக வருது, பூச்சியைப் புது இடத்துக்குத் தூக்கிட்டும் போகும். வேப்பெண்ணெய் வேண்டாம். மெழுகுப் பொடியைக் கரைச்சிடும், எண்ணெய் இருக்கையில வெயில் பட்டா இலை சுடும். மருந்துக்கடையில 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையற பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒவ்வொண்ணாத் தொடுங்க. தொட்டதும் பழுப்பாயிடும். சாயங்காலம் வெயில் போனதும் செய்யுங்க. முட்டை பொரிச்சு வரும், அதனால வாரம் ஒரு தடவைன்னு மூணு நாலு வாரம் விடாமப் பண்ணணும். தொட்டியைக் கவிழ்த்து வேரையும் பாருங்க, வேர்லயும் தங்கும். மத்த செடிகிட்ட இருந்து தள்ளி வைங்க.

---

கற்றாழைக்காரி | செப்டம்பர் 21, மதியம் 12:40

ஐயா சொன்னபடி செய்யுங்கள். கூடவே அடைமழை வருவதற்குள் ஒரு விளக்கு போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசியில் பத்து நாள் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் கிழக்கு பால்கனியும் போதாது, சாரலும் அடிக்கும். செடிக்கென்றே விற்கும் கிரோ லைட் என்று விலை கூடுதலாக வாங்க வேண்டிய அவசியமில்லை. 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை) என்று போட்டிருக்கும் 20 வாட் எல்இடி டியூப் போதும். செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், தினம் 12 மணி நேரம். மாதம் ஏழு யூனிட் ஆகும். சுவரில் இருக்கும் டியூப் லைட் செடிக்கு எட்டாது, தூரம் கூடக்கூட வெளிச்சம் வேகமாகக் குறைந்துவிடும்.

ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கோவையில் நீங்கள் பாதிக்குப் பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போடுவதாகப் போன வருடம் எழுதியிருந்தீர்கள். எனக்குத் தாம்பரத்தில் அது ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லையே?

---

கோவை_மண்வாசம் | செப்டம்பர் 21, மாலை 6:05

எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இருக்குங்க அம்மா. ஆனி, ஆடியில வீசற வீச்சுக்கு உங்க கலவை போட்டா ரெண்டே நாள்ல எலும்பா உலர்ந்து, சின்ன வேரெல்லாம் கருகிடும். கடலோர ஈரத்துக்கு உங்க கணக்குதான் சரி. கோகோபீட்டைச் சுத்தமாக் காய விட்டா அப்புறம் தண்ணியை உள்ள வாங்காம ஓரமா வழிய விடும், அந்தத் தொல்லை எனக்கும் உண்டு. தொட்டியை அரை மணி தட்டுத் தண்ணியில உக்கார வச்சு எடுப்பேன்.

---

வேளச்சேரி_மூணாம்மாடி | ஜனவரி 4, காலை 10:20

பூச்சி நாலாவது வாரத்தோடு போய்விட்டது. மழையில் 19 நாள் டியூப் அடியிலேயே இருந்தன, ஒன்றும் நீளவில்லை.

மகள் நவம்பரிலிருந்து ஒரு வேலை செய்கிறாள். ஞாயிறுதோறும் பகல் 11 மணிக்கு ஹால் தரையில் தெற்கு ஜன்னல் வெயில் எங்கே முடிகிறது என்று சாக்பீஸால் கோடு போடுகிறாள். முதல் கோடு ஜன்னல் சுவரை ஒட்டி இருந்தது. டிசம்பர் கடைசிக் கோடு அதைவிட ஒரு டைல்ஸ் அளவு தள்ளி உள்ளே வந்திருக்கிறது. ஜூலையில் தாளில் நிழலே விழாத அதே திண்டில் இப்போது ஐந்து விரலும் கூர்மையாக விழுகிறது. ரோஸ் செடியை அங்கே மாற்றிவிட்டோம். ஓரங்கள் சிவந்து, வாங்கிய நாளைவிடத் தட்டையாக இருக்கிறது.

அடிக்கட்டையில் ஐந்து கன்று. பெரியது ஐந்து ரூபாய் நாணயம் அகலம். ஒன்றை அவள் வகுப்பு டீச்சருக்குக் கொடுக்க வேண்டுமாம். எப்போது பிரிக்கலாம் அக்கா?

---

கற்றாழைக்காரி | ஜனவரி 4, காலை 11:00

பெரியதை மட்டும் இந்த வாரமே பிரிக்கலாம், வேர் பிடிக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. தண்டோடு ஒட்டியபடி எடுத்து மூன்று நாள் காய வையுங்கள். மற்ற நாலும் மாசி வரை கட்டையிலேயே இருக்கட்டும். ஏப்ரல் கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி கிழக்கு பால்கனிக்கு எடுத்துப் போய்விடுங்கள்.